லினக்ஸில் மவுஸ் அடிக்கடி நின்றுபோகிறதா? புது மவுஸ் வாங்கும் முன்

போன முகூர்த்த சீசனில் டிடிபி கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணே, ரெண்டாவதா வாங்குன மவுஸும் நின்னுபோச்சு. பேசாம இந்த லினக்ஸை எடுத்துட்டு விண்டோஸே போட்டுரலாமா?" கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிற நேரம். அவர் எரிச்சலில் நியாயம் இருந்தது. அந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தவன் நான்.

போய்ப் பார்த்தேன். பத்திரிகையை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து வைத்திருக்கிறார். எதிரே பெண் வீட்டுக்காரர், தாய்மாமன் பெயரை எந்த வரிசையில் போடுவது என்று யோசிக்கிறார். நண்பர் கையை மவுஸிலிருந்து எடுத்துக் காத்திருக்கிறார். பேச்சு முடிந்து மறுபடி மவுஸைப் பிடித்தால், திரையில் அம்பு அசையவில்லை. நாலு தட்டு தட்டுகிறார், வந்துவிடுகிறது. சில நேரம் அதற்கும் பொறுமையில்லாமல் ஒயரைக் கழற்றி மறுபடி செருகுகிறார், அப்புறம் சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடுகிறது. "லூஸ் கனெக்‌ஷன்தான், சந்தேகமே இல்லை" என்றார். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். முதல் மவுஸை அதற்காகத்தான் தூக்கிப் போட்டார். இரண்டாவதை 350 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கிய அன்று பூராவும் அருமையாக ஓடியதாம். மறுநாள் காலை கடையைத் திறந்து லேப்டாப்பைப் போட்டதும் பழைய கதை.

இந்தக் கடைசி விவரத்தை மட்டும் அவர் போனிலேயே சொல்லியிருந்தால் நான் பஸ் ஏறியிருக்கவே வேண்டாம். வாங்கிய அன்று ஓடி, மறுநாள் காலையில் நிற்கிற ஒயர் இருக்க முடியாது. அது ஏன் என்று பிறகு வருகிறேன். இப்படி ஒரு மவுஸ் நின்றால் நம் முன்னால் இருக்கிற வழிகள் எவை, எது எப்போது சரி என்பதுதான் இங்கே கேள்வி. புது மவுஸ் வாங்கலாம், போர்ட்டை மாற்றலாம், கர்னலில், அதாவது லினக்ஸின் மையக் கருவில், மின்சேமிப்பை ஒட்டுமொத்தமாக அணைக்கலாம், அந்த ஒரு மவுஸுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதலாம், மின்சேமிப்புக் கருவியையே மாற்றலாம். எல்லாமே வேலை செய்யும் வழிகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு வியாதிக்கு.

அதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை. நிற்பது மவுஸா, மொத்தக் கணினியுமா? அம்பு நின்றிருக்கும்போது கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறினால் கணினி உயிரோடு இருக்கிறது. லேப்டாப்பாக இருந்தால் டச்பேடைத் தடவிப் பாருங்கள். அதில் அம்பு நகர்ந்தால் கோளாறு மவுஸ் பக்கம்தான். இரண்டுமே அசையாவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவர், நினைவகப் பற்றாக்குறை என்று கதை வேறு திசையில் போகும். அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

மவுஸ்தான் என்று தெரிந்ததும் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். ஆப்டிகல் மவுஸின் வயிற்றில் சிவப்பு விளக்கு இருக்கும். எத்தனையோ கட்டளைகளைவிட அது நிறைய சொல்லும். அம்பு நின்ற நேரத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதா, அணைந்திருக்கிறதா, ஒயரை ஆட்டினால் மினுக்குகிறதா? நண்பரின் மவுஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருவரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் விளக்கு அணைந்தது. ஒயரை இப்படியும் அப்படியும் வளைத்தேன், வரவில்லை. மேசையில் தேய்த்தேன், வரவில்லை. இடது பட்டனை ஒரு தடவை அழுத்தினேன். பளிச்சென்று எரிந்தது.

அவர் கோபத்தில் தட்டிய தட்டு எதைச் சரிசெய்தது என்று அப்போதுதான் புரிந்தது. தட்டும்போது பட்டன் அழுந்துகிறது, அவ்வளவுதான். மவுஸ் கெடவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது.

லினக்ஸ் கர்னலில் யுஎஸ்பி சாதனங்களைத் தானாகத் தூங்கவைக்கும் வசதி உண்டு. ஆட்டோசஸ்பெண்ட் என்று பெயர். இயல்பாக அது காத்திருக்கும் நேரம் 2 நொடி. ஆனால் கர்னல் தன்னிச்சையாக மவுஸின் மேல் கை வைப்பதில்லை. ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப்புகளுக்கு மட்டும்தான் அதைத் தானாக இயக்கும். மற்ற சாதனங்களை, யாராவது சொன்னால் ஒழிய, விழித்தே இருக்க விடும். அப்படியானால் சொன்னது யார்?

நான்தான். ஒரு வருஷத்துக்கு முன்னால், கரண்ட் போனால் பேட்டரி இன்னும் கொஞ்சம் தாங்கட்டும் என்று பவர்டாப் என்ற மின்சேமிப்புக் கருவியைப் போட்டு, ஆட்டோ டியூன் என்கிற வசதி ஒவ்வொரு முறை கணினி துவங்கும்போதும் தானாக ஓடும்படி ஒரு சர்வீஸ் எழுதி வைத்திருந்தேன். அது கணினியில் உள்ள எல்லா யுஎஸ்பி சாதனங்களையும் 'ஆட்டோ' நிலைக்கு மாற்றிவிடும். மவுஸுக்கும் வெப்கேமுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அப்போது அவர் டச்பேடில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் தெரியவில்லை. மவுஸ் வாங்கியதும் வம்பு வந்தது.

இப்போது "வாங்கிய அன்று ஓடுகிறது, மறுநாள் நிற்கிறது" என்பதன் முடிச்சு அவிழ்கிறது. ஆட்டோ டியூன் ஓடுவது கணினி துவங்கும்போது ஒரே ஒரு தடவை. அப்போது செருகியிருக்கும் சாதனங்கள் மட்டுமே அதன் கையில் சிக்கும். பிற்பாடு செருகுகிற மவுஸ் கர்னலின் இயல்பு நிலையில், அதாவது 'ஆன்' நிலையில், விழித்தே இருக்கும். புது மவுஸை மதியம் வாங்கிவந்து செருகினார், ஓடியது. அது செருகியபடியே இரவு லேப்டாப்பை அணைத்துக் காலையில் போட்டார், சிக்கியது. கழற்றிச் செருகினால் சரியாவதும் இதனால்தான். அது ஒயரின் குற்றத்துக்குச் சாட்சி இல்லை. எந்தக் காரணத்துக்காக மவுஸ் நின்றிருந்தாலும் கழற்றிச் செருகினால் அனேகமாக உயிர் வந்துவிடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இதே கணினியில் எல்லா மவுஸும் இப்படித் தூங்குவதில்லை. 'ரிமோட் வேக்கப்' தெரியும், அதாவது தூக்கத்திலிருந்து கணினிக்குக் குரல் கொடுக்கத் தெரியும் என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் மவுஸைத்தான் கர்னல் பயன்பாட்டின் நடுவே தூங்கவைக்கும். ஆனால் தூங்கும்போது அடியில் உள்ள சென்சாரும் அணைந்துவிடுவதால், பல மவுஸ்களுக்கு அசைவு தெரியாது, பட்டன் அழுத்தினால்தான் தெரியும். ஆகவே பக்கத்துக் கடையிலிருந்து இரவல் வாங்கிய மவுஸ் நன்றாக ஓடியது என்பதை வைத்து உங்கள் மவுஸ் பழுது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

சந்தேகத்தைக் கோப்பிலேயே பார்த்து உறுதி செய்யலாம். சிஸ் கோப்புறைக்குள் பஸ், யுஎஸ்பி, டிவைசஸ் என்று இறங்கினால் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் பவர் என்ற கோப்புறையில் கன்ட்ரோல் என்ற கோப்பில் 'ஆன்' என்று இருந்தால் தூங்காது, 'ஆட்டோ' என்று இருந்தால் தூங்கும். அதே இடத்தில் ரன்டைம் ஸ்டேட்டஸ் என்ற கோப்பு, இந்த நொடியில் அது விழித்திருக்கிறதா என்று சொல்லும். ரூட், அதாவது நிர்வாகி, உரிமையோடு கன்ட்ரோல் கோப்பில் 'ஆன்' என்று எழுதிவிட்டுப் பத்து நிமிடம் வேலை பாருங்கள். மவுஸ் நிற்காவிட்டால் விசாரணை முடிந்தது. இந்த மாற்றம் கணினியை அணைத்தால் போய்விடும், சோதனைக்கு அதுதான் நல்லது.

இனி வழிகளுக்கு வருவோம்.

புது மவுஸ் வாங்குவதை நான் கேலி செய்யவில்லை. ஒயர் மவுஸின் கழுத்து, அதாவது ஒயர் உடம்புக்குள் நுழைகிற இடம், நாள்பட்டால் உள்ளே அறுந்துபோகும். அப்போது ஒயரை வளைக்கும்போது விளக்கு மினுக்கும். டெர்மினலில், கர்னலின் பதிவேட்டைக் காட்டும் டி-மெசேஜ் கட்டளையைத் தொடர்ந்து ஓடவிட்டால், மவுஸ் 'டிஸ்கனெக்ட்' ஆனது, மறுபடி புது எண்ணோடு வந்தது என்று வரிசையாக வரும். கூடவே மைனஸ் 71, மைனஸ் 110 என்ற பிழை எண்களும் வரலாம். முன்னது கம்பியில் வந்த செய்தி குழம்பியதைக் குறிக்கிறது, பின்னது பதில் வராமல் நேரம் கடந்ததை. ஆட்டோசஸ்பெண்டில் இப்படி எதுவும் வராது, பதிவேடு அமைதியாக இருக்கும். இந்த ஒரு வேறுபாடே பாதி வழக்கைத் தீர்த்துவிடும். அதே மவுஸை வேறு கணினியில் போட்டு, அங்கேயும் டிஸ்கனெக்ட் வரிகள் வந்தால் யோசிக்காமல் புதிது வாங்குங்கள். 350 ரூபாய்ச் சாமானுக்கு ஒயரை வெட்டி ஒட்டுவதெல்லாம் பொழுதுபோகாதவர் வேலை. (நான் செய்திருக்கிறேன். இரண்டு மாதம் ஓடியது.)

வேறு கணினியில் ஒழுங்காக ஓடி, இந்தக் கணினியில் மட்டும் டிஸ்கனெக்ட் ஆனால் போர்ட்டைச் சந்தேகப்படுங்கள். லேப்டாப்பின் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம், டெஸ்க்டாப்பானால் முன்பக்கம் விட்டுப் பின்பக்கம். முன்பக்க போர்ட்டுகள் மதர்போர்டிலிருந்து தனி ஒயரில் வருபவை, அந்த இணைப்பு ஆட்டம் கண்டிருக்கலாம். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் செருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று முறைப்படி தருவது 500 மில்லி ஆம்பியர். அதே ஹப்பில் வெளி ஹார்ட் டிஸ்க்கும் தொங்கினால் அது சுழலத் துவங்கும் நேரத்தில் மவுஸுக்குப் பட்டினிதான். டி-மெசேஜில் சில சமயம் 'டிஸேபிள்ட் பை ஹப், இஎம்ஐ?' என்று கேள்விக்குறியோடு ஒரு வரி வரும். மாதத்தவணை இல்லை, பயப்பட வேண்டாம். பக்கத்து மின்சாதனத்தின் மின்காந்த இடையூறாக இருக்குமோ என்று கர்னல் தன் சந்தேகத்தைச் சொல்கிறது. போர்ட் மாற்றக் காசு செலவில்லை என்பதால் இதைத்தான் எப்போதும் முதலில் செய்ய வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: போர்ட் மாற்றும்போது நீங்கள் மவுஸைக் கழற்றிச் செருகியும் விடுகிறீர்கள். மேலே சொன்ன காரணத்தால் அதுவே தற்காலிகமாகச் சரிசெய்துவிடும். ஒரு தடவை கணினியை அணைத்துப் போட்ட பிறகும் புது போர்ட்டில் ஓடினால்தான் கணக்கு.

ஒயர் இல்லாத மவுஸுக்கு இந்தப் போர்ட் விவகாரம் இன்னும் முக்கியம். சின்ன ரிசீவரோடு வரும் மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வேகமான யுஎஸ்பி 3.0 இணைப்பு அதே அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் நிறுவனமே 2012ல் இதை விளக்கி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. பக்கத்துப் போர்ட்டில் பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ ஓடும்போது மட்டும் மவுஸ் இழுத்து இழுத்து நின்றால் காரணம் இதுதான். பேட்டரி மாற்றிப் பயனில்லை. ரிசீவரை எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயரில் செருகி மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். இதற்குக் கர்னலில் தேடுவது வீண் வேலை.

இப்போது, மவுஸ் தூங்குவதுதான் பிரச்சினை என்று உறுதியானவர்களுக்கு. இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது, கணினி துவங்கும்போது லினக்ஸை ஏற்றிவிடும் கிரப்பின் அமைப்பில், யுஎஸ்பிகோர் (கர்னலின் யுஎஸ்பி பகுதி) ஆட்டோசஸ்பெண்ட் மதிப்பை மைனஸ் 1, அதாவது தூங்கவே வேண்டாம், என்று கொடுப்பது. ஒரே வரி, எல்லா மவுஸுக்கும் எல்லா நாளும் பொருந்தும், யாருக்கும் விளக்க வேண்டாம். இதில் பலர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. அதே வரியை, கர்னலில் தனியாக ஏறும் துண்டுகளான மாட்யூல்களுக்குரிய மாட்புரோப் அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டு, வேலை செய்யவில்லை என்பார்கள். உபுண்டு போன்றவற்றில் யுஎஸ்பிகோர் கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும், தனி மாட்யூலாக ஏறுவதில்லை. அதனால் மாட்புரோப் கோப்பை அது எட்டிப் பார்ப்பதே இல்லை. கிரப்பில்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டு கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ரீஸ்டார்ட்.

டெஸ்க்டாப்புக்கு இந்த வழியை நான் தயங்காமல் சொல்வேன். ஒரு மவுஸ் அதிகபட்சமாகக் கேட்பது பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர், 5 வோல்ட்டில் அது அரை வாட். சுவரிலிருந்து கரண்ட் எடுக்கும் பெட்டியில் இதைச் சேமித்து என்ன செய்யப்போகிறோம்? ஆனால் லேப்டாப்பில் மனசு ஒப்பவில்லை. உள்ளே இருக்கும் வெப்கேம், ப்ளூடூத், கைரேகை ரீடர் எல்லாம் பெரும்பாலும் யுஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கின்றன. ஒரு மவுஸுக்காக அத்தனையையும் விழிக்க வைப்பது, ஒரு பிள்ளை அழுகிறது என்று வீட்டில் எல்லோரையும் எழுப்புகிற மாதிரி. எல்லாச் சாதனமும் தூங்கினால்தான் அவற்றைக் கட்டி மேய்க்கும் கன்ட்ரோலரும் தூங்க முடியும், மிச்சம் அதில்தான் வரும்.

அதற்கு மாற்று, யுடெவ் விதி. சாதனம் ஒன்று இணையும்போது அதற்கு என்ன செய்வது என்று பார்த்துக்கொள்வது யுடெவ். மவுஸின் நிறுவன எண், சாதன எண் இரண்டையும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் பார்த்து, இந்த எண்ணோடு வருகிற சாதனத்துக்கு மட்டும் கன்ட்ரோல் 'ஆன்' என்று ஒரு விதிக்கோப்பு எழுதுவது. என் சொந்த லேப்டாப்பில் இதுதான் இருக்கிறது. துல்லியமான வழி, மற்ற எதையும் தொடாது. நண்பருக்கும் இதையே எழுதிக் கொடுத்துவிட்டு ஜம்பமாக ரீஸ்டார்ட் செய்தேன். விளக்கு அணைந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நடந்தது இதுதான். துவக்கத்தில் யுடெவ் தன் விதியைப் படித்து மவுஸை 'ஆன்' செய்தது. அதற்கப்புறம் சாவகாசமாக வந்த பவர்டாப் சர்வீஸ் மறுபடி 'ஆட்டோ' என்று எழுதிவிட்டுப் போனது. கடைசியாக எழுதுபவர் சொல்தான் நிற்கும். என் லேப்டாப்பில் பவர்டாப் சர்வீஸ் இல்லை, அதனால் அங்கே இந்த மோதல் இல்லை. பவர்டாப் சர்வீஸ் கோப்பிலேயே, ஆட்டோ டியூன் முடிந்த பிறகு மவுஸை எழுப்பும் ஒரு வரியைச் சேர்த்தால் தீர்ந்துவிடும். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் யுடெவ் விதி, சர்வீஸ் வரி இரண்டிலுமே கடைக்குப் பொருந்தாத ஒன்று இருக்கிறது. விதி ஒரு குறிப்பிட்ட மவுஸின் எண்ணுக்கு எழுதப்பட்டது. டிடிபி கடையில் மவுஸ் என்பது பேனா மாதிரி, வருஷத்துக்கு ஒன்று மாறும். மாறும்போதெல்லாம் நான் பஸ் ஏற வேண்டும்.

ஆகவே பவர்டாப் சர்வீஸை நிறுத்திவிட்டு டிஎல்பியைப் போட்டேன். அதுவும் மின்சேமிப்புக் கருவிதான், யுஎஸ்பி சாதனங்களைத் தூங்கவைப்பதுதான் அதற்கும் வேலை. ஆனால் மவுஸ், கீபோர்டு போன்ற உள்ளீட்டுச் சாதனங்களை, அதாவது யுஎஸ்பிஹிட் டிரைவரில் ஓடுபவற்றை, இயல்பாகவே அது விட்டுவிடும். எண் எழுத வேண்டியதில்லை, நாளைக்கு எந்த மவுஸ் வந்தாலும் பொருந்தும். வேறு ஏதாவது சாதனம் முரண்டு பிடித்தால் அதன் எண்ணை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். டிஎல்பியையும் பவர்டாப் ஆட்டோ டியூனையும் சேர்த்து ஓடவிடக்கூடாது, இப்போது பார்த்த அதே சண்டை வரும். உபுண்டு போன்றவற்றில் பவர் புரொஃபைல்ஸ் டீமன் என்று இன்னொரு மின்சேமிப்புக் கருவி கூடவே வந்திருக்கும், அதுவும் டிஎல்பியும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தாது. டெஸ்க்டாப் பேனலில் 'பேலன்ஸ்ட்', 'பவர் சேவர்' என்று தேர்ந்தெடுக்கும் வசதி உங்களுக்குப் பழகிப்போயிருந்தால், டிஎல்பிக்கு மாறாமல் பவர்டாப் சர்வீஸை மட்டும் நிறுத்திவிடுங்கள். பேட்டரியில் சிறிது குறையும், தலைவலி போகும்.

ஒரு அபூர்வ வகையையும் சொல்லிவிடுகிறேன். சில மலிவு ஆப்டிகல் மவுஸ்கள், கணினியில் யாரும் தம்மைக் கவனிக்கவில்லை என்றால் சுமார் நிமிடத்துக்கு ஒரு முறை தாமாகவே இணைப்பை அறுத்துக்கொண்டு மறுபடி வரும். டெக்ஸ்ட் திரையில் ஓடும் சர்வரில் மவுஸ் செருகியிருந்தால் டி-மெசேஜ் முழுக்க இந்த வரிகளாக நிறைந்திருக்கும். அம்பு நகரும் டெஸ்க்டாப்பில் இது வராது, அங்கேதான் எப்போதும் கவனிக்க ஆள் இருக்கிறதே. கர்னலில் இதற்கென்று, மவுஸை எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கும் 'ஆல்வேஸ் போல்' என்ற மருந்தும், அது தேவைப்படும் மவுஸ்களின் பட்டியலும் இருக்கின்றன. சர்வரில் மவுஸ் எதற்கு? கழற்றிவிடுங்கள்.

ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான். மவுஸைப் பிடித்ததும் ஒரு கிளிக், எழுந்துவிடும். பத்து நாள் பழகினால் கை தானாகச் செய்யும். பாடம் படிக்க, படம் பார்க்க மட்டும் கணினி வைத்திருப்பவர் இப்படியே காலத்தை ஓட்டலாம். ஆனால் எழுப்பக் கொடுக்கிற அந்த கிளிக் சில நேரம் அம்பு நிற்கும் இடத்தில் பதிந்தும் விடும். நண்பரின் பத்திரிகையில் ஒரு தடவை மணமகள் பெயர் வரி இப்படித்தான் பிள்ளையார் படத்துக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டதாம், பிரின்ட் போன பிறகுதான் பார்த்தார்களாம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. லேப்டாப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த மவுஸ், வயிற்றில் சிவப்பு விளக்கு. "அஞ்சு நிமிஷமா எரியுதுண்ணே" என்று கீழே எழுதியிருந்தார். தூக்கிப் போட்ட முதல் மவுஸைக் குப்பைக் கூடையில் தேடினாராம். காலையிலேயே பழைய பேப்பர்காரர் கொண்டுபோயாகிவிட்டது.